லினக்ஸா, விண்டோஸா? மெசேஜ் புரோக்கர் வேகத்தைச் சரியாக அளக்க ஒரு வழிகாட்டி

மெசேஜ் புரோக்கர் என்பது, ஒரு நிரலோ கருவியோ அனுப்பும் செய்தியை வாங்கி வைத்து, வேண்டிய இன்னொரு நிரலுக்குக் கொண்டுசேர்க்கும் மென்பொருள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் மென்பொருள் செய்து கொடுப்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "விண்டோஸ் பெட்டி ஒண்ணு சும்மாதான் கெடக்கு. புரோக்கரை அதுலயே போட்டுரலாமா, இல்ல லினக்ஸுக்குன்னு தனியா வாங்கணுமா?"

இணையத்தில் கிடைக்கும் ஒப்பீட்டுப் படங்களைக் காட்டி இதற்குப் பதில் சொல்லாதீர்கள். அவற்றில் பல, இயங்குதளத்தை அளந்ததாகச் சொல்லிக்கொண்டு டிஸ்கையோ ஆன்டிவைரஸையோ மின்சிக்கன அமைப்பையோதான் அளந்திருக்கும். உங்கள் பெட்டியில் நீங்களே அளந்துவிடலாம். முறையாகச் செய்தால் மூன்று நாள் வேலை, முறை தவறினால் மூன்று வாரம் போனாலும் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாது.

1. அளக்கத்தான் வேண்டுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்

புதுவயலில் ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 40 சென்சார்கள், ஒவ்வொன்றும் 5 நொடிக்கு ஒரு செய்தி அனுப்பினால் மொத்தம் நொடிக்கு 8 செய்தி. கானாடுகாத்தானில் 20 அறை கொண்ட விடுதி என்றால், முன்பதிவு, அறைச் சேவை, பில் எல்லாம் சேர்ந்தாலும் நொடிக்கு ஒன்று வராது. இந்த அளவுக்கு எந்த இயங்குதளமும் போதும். அங்கே கேட்க வேண்டியது வேகத்தைப் பற்றி அல்ல, இரவில் பெட்டி நின்றுபோனால் அதை எழுப்பத் தெரிந்தவர் யார், அவருக்கு எந்த இயங்குதளம் பழக்கம் என்பதைப் பற்றித்தான்.

நொடிக்குச் சில ஆயிரம் செய்திகள் வருகிறதா? ஆயிரத்துக்கு மேல் கருவிகள் ஒரே நேரத்தில் இணைந்திருக்குமா? ஒவ்வொரு செய்தியும் டிஸ்கில் பதிந்த பிறகுதான் அனுப்பியவருக்கு "கிடைத்தது" என்ற ஒப்புதல் போக வேண்டுமா? இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் மேலே படியுங்கள்.

2. பெட்டி, கேபிள், உரிமம், செலவு

இரண்டு கணினிகள் வேண்டும். ஒன்றில் புரோக்கர் மட்டும். இன்னொன்றில் செய்தி அனுப்பும், வாங்கும் சோதனைக் கருவி. இரண்டாவது பெட்டியில் லினக்ஸைப் போட்டு, கடைசிச் சோதனை வரை அதில் எதையும் மாற்றாதீர்கள். மாற வேண்டியது புரோக்கர் பெட்டியின் இயங்குதளம் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஓட்டினால் புரோக்கரும் கருவியும் சிபியுவுக்கு அடித்துக்கொள்ளும். போதாததற்கு, பெட்டிக்குள்ளேயே சுற்றும் நெட்வொர்க் பாதை ஒவ்வோர் இயங்குதளத்திலும் ஒவ்வொரு மாதிரி.

நடுவில் ஒரு கிகாபிட் ஸ்விட்சும் இரண்டு கேட்-6 கேபிளும் போதும். வைஃபை வேண்டவே வேண்டாம்.

புரோக்கர் பெட்டிக்கு ஒரே மாடல் எஸ்எஸ்டி இரண்டு வாங்கி, இயங்குதளத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு மாற்றி மாட்டுவது உத்தமம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் சம அளவில் இரண்டு பகுதிகளாகப் பிரியுங்கள், கால்வாசி இடத்தைக் காலியாகவே விடுங்கள். நிரம்பிய எஸ்எஸ்டி எழுதும் வேகத்தில் படுத்துவிடும். இரண்டாவதாகச் சோதிக்கும் இயங்குதளம் வீண்பழி சுமக்கும்.

மேக்கை இந்த ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். ஆப்பிள் உரிமப்படி மேக்ஓஎஸ் ஆப்பிள் பெட்டியில் மட்டுமே ஓடலாம், ஆகவே வன்பொருளும் சேர்ந்தே மாறிவிடும். இன்டெல் சிப் உள்ள பழைய மேக்கில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸும் ஓடும் என்பதால் அங்கே மட்டும் நேர்மையான ஒப்பீடு சாத்தியம். எம் வரிசைச் சிப்புகளில் பூட் கேம்ப் இல்லை.

உரிமச் செலவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். விண்டோஸ் சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பு 180 நாள் இலவசம். கெடு முடிந்தால் மணிக்கொரு முறை தானாக நின்றுபோகும் என்பதால், நிறுவிய தேதியைக் குறித்துவையுங்கள். நாம் அளக்கப்போகும் ரேபிட்எம்க்யூ, காஃப்கா, மொஸ்கிட்டோ என்ற மூன்று புரோக்கர்களும் திறந்த மூலம். காஃப்கா ஓடத் தேவையான ஜாவாவுக்கு ஓபன்ஜேடிகே போதும். காசு கொடுத்து வாங்கும் புரோக்கரையோ டேட்டாபேஸையோ சேர்த்து அளப்பதானால் உரிமப் பத்திரத்தை முழுதாகப் படியுங்கள். நிறுவனத்தின் அனுமதியில்லாமல் வேக ஒப்பீட்டை வெளியிடக் கூடாது என்ற விதி சிலவற்றில் உண்டு.

தரவிறக்கம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 10 ஜிபி ஆகும். நாளுக்கு 1.5 ஜிபி தரும் மொபைல் பேக்கை நம்பி உட்கார்ந்தால் ஒரு வாரம் போய்விடும். முதல் நாளே பைபர் இணைப்பு உள்ள இடத்தில் இறக்கிவிடுங்கள். மின்சாரம் பெரிய செலவில்லை. இரண்டு பெட்டியும் ஸ்விட்சும் சேர்ந்து 150 வாட் இழுத்தால் 10 மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்.

கிளவுடில் அளக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மலிவான இயந்திர வகைகள் பல, சிபியு வரவு முறையில் ஓடுகின்றன. முதல் அரைமணி பறக்கும், வரவு தீர்ந்ததும் நொண்டும். முதலில் சோதித்த இயங்குதளம் வென்றதாகத் தோன்றுவதற்கு இதுவே போதும்.

3. அறை வெப்பமும் மின்தடையும்

செட்டிநாட்டில் சித்திரை, வைகாசியில் அளப்பவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது. சிபியு சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலை 7 மணிக்கு லினக்ஸையும் பிற்பகல் 2 மணிக்கு விண்டோஸையும் ஓட்டினால் நீங்கள் அளந்தது வெயிலைத்தான்.

பழைய வீடாக இருந்தால் தடித்த சுவருள்ள உள்ளறையில் வையுங்கள், பகலிலும் வெப்பம் அதிகம் ஏறி இறங்காது. முகப்பும் வளவும் காற்றாட இருந்தாலும் தூசியும் வெயிலும் வந்துபோகும் இடங்கள். பயாஸில் டர்போவை, அதாவது சிபியு தன் வேகத்தைத் தற்காலிகமாகக் கூட்டிக்கொள்ளும் வசதியை, அணைத்துவிடுங்கள். உச்ச வேகம் சற்றுக் குறைந்தாலும் எண்கள் நிலையாக நிற்கும், நமக்கு அதுதான் முக்கியம். ஒவ்வோர் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அறை வெப்பத்தையும் சிபியு வெப்பத்தையும் எழுதிவையுங்கள்.

மின்வாரியம் அறிவிக்கும் பராமரிப்பு மின்தடை நாளை முன்பே பார்த்து, அந்த நாளை விட்டுவிடுங்கள். இரண்டு பெட்டிகளையும் ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். மடிக்கணினியில் அளந்தால் கவனம்: மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறிய நொடியே சிக்கன முறைக்குத் தாவிவிடும். அப்படி ஆன ஓட்டத்தைத் திருத்தப் பார்க்காதீர்கள், தூக்கி எறியுங்கள்.

4. இரண்டு இயங்குதளங்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருதல்

விண்டோஸில் மின்திட்டம் இயல்பாகச் சமநிலையில் இருக்கும். அதை உச்சத் திறனுக்கு மாற்றுங்கள். லினக்ஸில் சிபியு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறப்பதுதான் அதிகம் நடக்கிறது.

விண்டோஸ் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் புரோக்கரின் தரவுக் கோப்புறையைச் சேருங்கள். இல்லையென்றால் எழுதும் ஒவ்வொரு கோப்பையும் அது முகர்ந்து பார்க்கும். வாடிக்கையாளர் இடத்தில் டிஃபெண்டர் விலக்கு இல்லாமல்தான் ஓடப்போகிறது என்றால் அந்த நிலையிலும் தனியாக ஒருமுறை அளந்து, இரண்டு எண்ணையும் காட்டுங்கள்.

தானியங்கி அப்டேட்டை இரண்டிலும் நிறுத்துங்கள். விண்டோஸ் 11-இல் அளப்பதானால், முன்னால் திறந்திருக்கும் நிரலுக்குச் சலுகை தரும் அமைப்பைப் பின்னணிச் சேவைகளுக்கு என்று மாற்றுங்கள். சர்வர் பதிப்பில் அது ஏற்கெனவே அப்படித்தான் இருக்கும்.

லினக்ஸில் ஓடும் ஒரு நிரல் திறக்கக்கூடிய கோப்புகளின் வரம்பு பெரும்பாலும் 1,024. இணைப்புகளும் இதே கணக்கில்தான் வரும். பயனர் வரம்புக் கோப்பில் மாற்றினால் பின்னணிச் சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டி வழியாக ஓடும் சேவைக்கு அது பொருந்தாது. சேவைக் கோப்பிலேயே வரம்பை எழுத வேண்டும்.

இன்னொன்று. விண்டோஸில் டாக்கர் கண்டெய்னருக்குள் லினக்ஸ் புரோக்கரை ஓட்டினாலும், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2-க்குள் ஓட்டினாலும், அடியில் ஓடுவது மெய்நிகர் பெட்டிக்குள் இருக்கும் லினக்ஸ் கர்னல். அந்த எண்ணை விண்டோஸ் எண் என்று எழுதக் கூடாது. டபிள்யூஎஸ்எல் 2-க்குள் இருந்துகொண்டு சி டிரைவில் தரவை வைத்தால் வேகம் பாதாளத்துக்குப் போகும், ஏனென்றால் ஒவ்வொரு கோப்பு அழைப்பும் இரண்டு உலகங்களுக்கு நடுவே போய்வர வேண்டும்.

5. டிஸ்க் உண்மை சொல்கிறதா?

இந்தப் படியைத் தாண்டிச் சென்றவர்களின் ஒப்பீடுதான் அதிகம் பொய்க்கிறது. புரோக்கரை நிறுவுவதற்கு முன்பே இதை முடியுங்கள்.

செய்தி டிஸ்கில் பத்திரமாகப் பதிந்ததை உறுதிசெய்ய, புரோக்கர் இயங்குதளத்திடம் எஃப்சிங்க் கேட்கும். இயங்குதளம் டிஸ்கிடம் கேட்கும். இடையில் யாராவது "பதிந்துவிட்டது" என்று பொய் சொன்னால் வேகம் பல மடங்கு ஏறும். கரண்ட் போகிற நாளில்தான் விலை தெரியும்.

ஃபியோ என்ற இலவசக் கருவியை இரண்டு இயங்குதளத்திலும் நிறுவுங்கள். 4 கேபி அளவில் தொடர்ந்து எழுத்து, ஒவ்வோர் எழுத்துக்குப் பிறகும் சிங்க் என்று அமைத்து 60 நொடி ஓட்டுங்கள். நொடிக்கு எத்தனை சிங்க் என்பதுதான் பார்க்க வேண்டிய எண்.

7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். அப்படியானால் நொடிக்கு ஏறத்தாழ 120 சிங்க்தான் முடியும். ஆயிரக்கணக்கில் காட்டினால் எங்கோ பொய். சாதாரண எஸ்எஸ்டியில் நூறுகளிலோ சில ஆயிரங்களிலோ வரும். மின்தடையைத் தாங்கும் கெப்பாசிட்டர் வைத்த சர்வர் எஸ்எஸ்டியில் அதைவிடப் பல மடங்கு வருவது இயல்பு.

ஒரே எஸ்எஸ்டி ஒரு பக்கம் 800, மறு பக்கம் 20,000 என்று காட்டினால் அங்கேயே நில்லுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அந்த டிஸ்கின் பாலிசிஸ் பக்கத்தில் கேஷ் ஃப்ளஷிங்கை அணைக்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். மேக்ஓஎஸில் சாதாரண எஃப்சிங்க் டிஸ்கின் உள் கேஷைக் காலி செய்யாது, அதற்கு ஃபுல் எஃப்சிங்க் என்ற தனி அழைப்பு உண்டு. நிரலுக்கு நிரல் எதை அழைக்கும் என்பது மாறும். மேக்கை ஒப்பீட்டிலிருந்து விலக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

இரண்டு பக்கமும் எண்கள் அருகருகே வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

6. புரோக்கரை நிறுவும்போது

பதிப்பு எண் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். லினக்ஸ் தொகுப்பகத்தில் கிடைக்கும் பழைய பதிப்பையும் தளத்திலிருந்து இறக்கிய புதிய விண்டோஸ் பதிப்பையும் ஒப்பிட்டுவிடாதீர்கள். காஃப்கா 4.0-இல் அனுப்புநர் காத்திருக்கும் லிங்கர் நேரத்தின் இயல்பு மதிப்பு 0-விலிருந்து 5 மில்லிநொடியானது. இது ஒன்றே, செய்தி போய்ச்சேர ஆகும் தாமதத்தின் எண்களைக் குலைத்துவிடும். ரேபிட்எம்க்யூ ஓடத் தேவையான எர்லாங், காஃப்காவுக்கான ஜாவா பதிப்புகளும் அப்படியே ஒத்திருக்கட்டும்.

*ரேபிட்எம்க்யூ:* செய்திகள் காத்திருக்கும் க்யூவில் வகைகள் உண்டு. குவோரம் க்யூ ஒவ்வொரு செய்தியையும் எஃப்சிங்க் செய்த பிறகே ஒப்புதல் தரும். ஸ்ட்ரீம் வகை அப்படிச் செய்யாமல் இயங்குதளத்திடமே விட்டுவிடும். ஒரு பக்கம் குவோரம், மறு பக்கம் ஸ்ட்ரீம் என்று கலக்காதீர்கள். நினைவக வரம்பைச் சதவீதமாக விடாமல், 4 ஜிபி என்பது போல நிலையான அளவாக எழுதுங்கள். விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் நிறுவும்போதே தகராறு வரும், ஏனென்றால் தரவுக் கோப்புறை அந்தப் பெயரின் கீழ்தான் இயல்பாக உருவாகும். ஆங்கில எழுத்தில் புதிய பயனர் ஒன்று உருவாக்கி, நிர்வாகி உரிமையோடு நிறுவுங்கள். சூழல் மாறிகளை மாற்றினால் சேவையை நீக்கி மறுபடி நிறுவ வேண்டும், மறுதொடக்கம் மட்டும் போதாது.

*காஃப்கா:* இயல்பு நிலையில் எஃப்சிங்க் கேட்காது. ஒரே புரோக்கர் பெட்டி வைத்து அளக்கும்போது, எத்தனை செய்திக்கு ஒருமுறை எஃப்சிங்க் கேட்பது என்ற ஃப்ளஷ் இடைவெளியை 1 செய்தி என்று வைத்து ஒருமுறை, இயல்பாக ஒருமுறை என இரண்டும் அளந்துவிடுங்கள். விண்டோஸில் சி டிரைவின் வேரிலேயே சின்னப் பெயர் வைத்த கோப்புறையில் விரியுங்கள். ஆழமான இடத்தில் வைத்தால் கட்டளை வரி நீண்டுவிட்டது என்று கிளம்ப மறுக்கும். ஓட்டங்களுக்கு நடுவே டாபிக்கை (காஃப்காவில் செய்திகள் சேரும் பெயரிட்ட இடம்) அழிக்கவும் கூடாது. திறந்திருக்கும் கோப்பின் பெயரை மாற்ற விண்டோஸ் விடாது, புரோக்கர் அப்படியே விழுந்துவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் புதிய டாபிக் பெயர் கொடுங்கள். நாள் முடிவில் காஃப்காவை நிறுத்திவிட்டுத் தரவுக் கோப்புறையைக் காலி செய்யுங்கள். விண்டோஸ் காஃப்காவுக்கு நன்கு ஆதரவு பெற்ற தளம் அல்ல என்பதை அதன் ஆவணமே சொல்கிறது. நிரந்தரமாக ஓடும் இடத்துக்கு விண்டோஸில் காஃப்காவைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது, அளவில் அது வென்றாலும்.

*மொஸ்கிட்டோ:* 2.0 பதிப்பிலிருந்து, எந்தப் போர்ட்டில் இணைப்பை ஏற்பது என்று சொல்லும் லிசனர் வரியை அமைப்புக் கோப்பில் எழுதாவிட்டால் தன் பெட்டிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். பக்கத்துப் பெட்டியிலிருந்து இணைக்க முடியவில்லை என்றால் ஃபயர்வாலைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். க்யூவில் நிற்கும் செய்திகளுக்கு இயல்பு வரம்பு 1,000, மிஞ்சியதைச் சத்தமில்லாமல் கைவிடும். அனுப்பிய எண்ணிக்கை, வந்த எண்ணிக்கை இரண்டையும் எண்ணாமல் வேகம் சொல்லாதீர்கள்.

7. ஓட்டும் முறையும் நேரக் கணக்கும்

ரேபிட்எம்க்யூவுக்கு பெர்ஃப்டெஸ்ட், காஃப்காவுக்கு அதனுடனே வரும் அனுப்புநர், பெறுநர் சோதனை நிரல்கள். அனுப்புநரும் பெறுநரும் ஒரே சோதனைப் பெட்டியில் இருக்கட்டும். வெவ்வேறு பெட்டியில் வைத்தால் இரண்டு கடிகாரங்களின் வித்தியாசமும் தாமதத்தில் சேர்ந்துவிடும்.

முதலில் வேகக் கட்டுப்பாடு இல்லாமல் ஓட்டி, இரண்டு இயங்குதளத்தின் உச்சத்தையும் கண்டுபிடியுங்கள். ஒன்று 40,000, இன்னொன்று 30,000 என்று வைத்துக்கொள்வோம். தாமதத்தை அந்த உச்சத்தில் அளக்காதீர்கள், நெரிசலில் எல்லாமே மோசமாகத்தான் தெரியும். குறைந்த உச்சத்தின் பாதியான 15,000-த்திலும், 80 சதவீதமான 24,000-த்திலும் இரண்டையும் ஓட்டுங்கள். ஒரே பாரத்தைச் சுமக்கும்போதுதான் இரண்டு மாடுகளையும் ஒப்பிட முடியும்.

ஓர் ஓட்டம் 13 நிமிடம். முதல் 3 நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஜாவா சூடேற அந்த நேரம் வேண்டும். இரண்டு செய்தி அளவு (200 பைட், 4 கேபி), மூன்று வேகம் (உச்சம், 80, 50), ஒவ்வொன்றும் 5 முறை என்றால் 30 ஓட்டம். ஓர் இயங்குதளத்துக்கு ஆறரை மணி, இரண்டுக்கும் 13 மணி. மாற்றி மாட்டும் நேரமும் வீணாகும் ஓட்டங்களும் சேர்ந்து மூன்று நாள் ஆகும்.

வரிசை முக்கியம். லினக்ஸ், விண்டோஸ், விண்டோஸ், லினக்ஸ் என்று மாற்றி மாற்றி ஓட்டினால் வெப்பத்தின் பாதிப்பு இரு பக்கமும் சமமாகப் பிரியும்.

சராசரியைக் கொடுக்காதீர்கள். நடு எண், 99-ஆம் சதமானம் (நூற்றில் 99 செய்திகள் இந்தத் தாமதத்துக்குள் வந்துவிடும் என்ற எண்), ஐந்து ஓட்டங்களில் மிகக் குறைவும் மிக அதிகமும் என்று எழுதுங்கள். இரு இயங்குதளங்களின் வித்தியாசம், ஒரே இயங்குதளத்தின் ஐந்து ஓட்டங்களுக்குள் உள்ள வித்தியாசத்தைவிடக் குறைவாக இருந்தால், "வித்தியாசம் இல்லை" என்பதே விடை.

8. எண்ணைப் பார்த்தே காரணம் கண்டுபிடித்தல்

சில எண்கள் கைரேகை மாதிரி. திரும்பத் திரும்ப அதே எண் வந்தால் காரணமும் அதுதான்.

*15.6 மில்லிநொடி:* விண்டோஸ் டைமரின் இயல்பு இடைவெளி. 1 மில்லிநொடி உறங்கச் சொன்னாலும் அடுத்த துடிப்புவரை உறங்கிவிடும்.

*40 அல்லது 200 மில்லிநொடி:* ஒரு பக்கம் சின்னப் பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பக் காத்திருக்கிறது, மறு பக்கம் ஒப்புதலைத் தாமதிக்கிறது. லினக்ஸில் 40 ஆகவும் விண்டோஸின் பழைய பதிப்புகளில் 200 ஆகவும் தெரியும். சேர்க்கக் காத்திராமல் உடனே அனுப்பச் சொல்லும் டிசிபி நோடிலே அமைப்பைப் போட்டால் மறைந்துவிடும். அதைப் போடாமல் "விண்டோஸ் ஐந்து மடங்கு மெது" என்று எழுதுவது அநியாயம்.

*நொடிக்கு 118 எம்பி:* கிகாபிட் கேபிள் நிரம்பிவிட்டது. 1 கேபி செய்தியாக இருந்தால் நொடிக்கு 1,15,000 பக்கம் இரண்டு இயங்குதளமும் ஒரே மாதிரி முட்டி நிற்கும். சமம் என்று முடிவு கட்டாதீர்கள். செய்தி அளவைக் குறையுங்கள்.

*ஆயிரத்துச் சொச்சம் இணைப்பில் நின்றுபோவது:* கோப்பு வரம்பு 1,024. நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

*28,000 இணைப்புக்குப் பிறகு தடுமாறுவது:* லினக்ஸில் வெளியே போகும் இணைப்புக்கான போர்ட்டுகள் 32,768 முதல் 60,999 வரைதான். அவை தீர்ந்தது சோதனைப் பெட்டியில், புரோக்கரில் அல்ல. சோதனைப் பெட்டிக்கு இரண்டாவது ஐபி முகவரி கொடுங்கள்.

*வேகம் திடீரென்று பூஜ்யமாகி மீண்டும் எழுவது:* ரேபிட்எம்க்யூவில் நினைவகம் அல்லது டிஸ்க் எச்சரிக்கை அனுப்புநரை நிறுத்தியிருக்கும். லாகில் எழுதியிருக்கும்.

*சில ஜிபி எழுதிய பிறகு ஒரேயடியாக விழுவது:* மலிவான எஸ்எஸ்டியின் வேகமான உள் கேஷ் நிரம்பிவிட்டது. ஓட்டங்களுக்கு நடுவே 10 நிமிடம் ஓய்வு கொடுங்கள். அல்லது விழுந்த பிறகு உள்ள வேகத்தையே இரண்டிலும் எடுங்கள். அதுதான் வாடிக்கையாளர் காணப்போகும் வேகமும்கூட.

9. எண்களோடு கொடுக்க வேண்டிய தாள்

இயங்குதளப் பதிப்பும் கர்னல் அல்லது பில்ட் எண்ணும், கோப்பு முறை, புரோக்கர், எர்லாங், ஜாவா பதிப்புகள், பயாஸ் பதிப்பு, எஸ்எஸ்டி மாடலும் ஃபர்ம்வேரும், ஃபியோ எண், அமைப்புக் கோப்புகளின் முழு நகல், ஒவ்வோர் ஓட்டத்தின் நேரமும் வெப்பமும், கருவி கக்கிய மூல வெளியீடு. எறிந்த ஓட்டங்களையும் ஏன் எறிந்தீர்கள் என்ற காரணத்தோடு வையுங்கள். ஆறு மாதம் கழித்து "அன்னைக்கு வேகமா இருந்துச்சே" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது கைகொடுப்பது இந்தத் தாள்தான்.

10. பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்

வேறு தரவு எதுவும் இல்லாத எஸ்எஸ்டியில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

சோதனைப் பெட்டியும் ஸ்விட்சும் யுபிஎஸ்ஸிலேயே இருக்கட்டும். புரோக்கர் பெட்டியை மட்டும் நேரடிப் பிளக்கில் மாட்டுங்கள். செய்திகளுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் போட்டு அனுப்பி, ஒப்புதல் வந்த கடைசி எண்ணைச் சோதனைப் பெட்டியில் எழுதிக்கொண்டே போகும் சின்ன நிரல் ஒன்று வேண்டும், 50 வரிக்குள் முடிந்துவிடும். 24,000 வேகத்தில் ஓடும்போது புரோக்கர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு எழுப்பி, க்யூவில் உள்ளதை வாசித்து, ஒப்புதல் வந்தும் காணாமல்போன எண்களை எண்ணுங்கள். இயங்குதளத்துக்கு 10 முறை.

எஃப்சிங்க் இல்லாத காஃப்கா அமைப்பில் சில செய்திகள் போகலாம், அது எதிர்பார்த்ததே. ஆனால் குவோரம் க்யூவிலோ ஃப்ளஷ் 1 என்று வைத்த காஃப்காவிலோ ஒரு செய்தி தொலைந்தாலும் அந்த இயங்குதளத்தில் எடுத்த வேக எண்கள் அத்தனையையும் அடித்துவிட்டு, ஐந்தாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.